எழுதப்படாத குழாய்: ஏலமலைச் சரிவில் நோய்க் குறியீட்டின் கடமை

போடிநாயக்கனூரிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை வட்டாரத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் களை வெட்டவும் மருந்தடிக்கவும் போகிறவர்களில் பலர் பகலில் கேரளத்திலும் இரவில் தமிழ்நாட்டிலும் வாழ்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனாலும் அப்படித்தான். தோட்டத்தில் அடிபட்டால் நெடுங்கண்டமோ அடிமாலியோ அருகில். வீட்டில் காய்ச்சல் கண்டால் போடி அரசு மருத்துவமனை. அங்கே முடியாதென்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் சிறுநீர் வெளியேற ஒரு குழாய் செருகப்படுகிறது. அதை யார் போட்டார்கள், எதற்காக, எந்தத் தேதியில், எப்போது எடுக்க வேண்டும் என்பது அடுத்த படியில் இருக்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டுமானால் அது எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். நோய்களுக்கும் சிகிச்சைக் கருவிகளுக்கும் எண் கொடுத்து எழுதும் முறையை நம் ஊரில் காப்பீட்டுக் கணக்கு வேலையாகவே பார்க்கிறோம். ஏலமலைச் சரிவு போன்ற ஓரிடத்தில் அது நோயாளியின் பாதுகாப்புக்கான வேலை. அதிலும், கெடுதல் நேர்ந்த பின் எழுதப்படும் எண்ணைவிட, குழாய் உடம்பில் இருக்கிறது என்று முதல் நாளே எழுதப்படும் எண்ணுக்குத்தான் முதலிடம் தர வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

குழாயும் நாட்களும்

கதீட்டர் எனப்படும் இந்தச் சிறுநீர்க் குழாயின் இன்று உலகெங்கும் பயன்படும் வடிவம் 1930-களில் அமெரிக்கச் சிறுநீரகவியல் மருத்துவர் ஃபிரடெரிக் ஃபோலியின் பெயரால் நிலைபெற்றது. நுனியில் சிறு பலூன் இருக்கும். சிறுநீர்ப்பைக்குள் போனதும் அதில் நீரேற்றினால் குழாய் நழுவி வெளியே வராது. கனத்தை ஃபிரெஞ்சு அளவில் சொல்வார்கள். ஓர் அலகு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே பெரியவர்களுக்குப் பரவலாகப் போடப்படும் 16-ஆம் எண் குழாயின் விட்டம் ஐந்து மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்ட முதியவர், சிசேரியன் முடிந்த தாய், பக்கவாதத்தில் படுத்தவர், மரத்திலிருந்து விழுந்தோ ஜீப் கவிழ்ந்தோ தண்டுவடம் நசுங்கியவர் என்று இதன் தேவை பலவகை. இதே குடும்பத்தில் வேறு கருவிகளும் உண்டு: அடிவயிற்றின் வழியே சிறுநீர்ப்பைக்குள் வைக்கப்படும் குழாய், முதுகுப் பக்கத்திலிருந்து சிறுநீரகத்துக்குள் போகும் குழாய், சிறுநீரகக் கல் சிகிச்சைக்குப் பின் உள்ளே விட்டுவைக்கும் டிஜே ஸ்டென்ட்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஆபத்து நாட்களில் இருக்கிறது. கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்பது மருத்துவ நூல்களில் நிலைபெற்ற கணக்கு. ஒரு மாதம் தாண்டியவர்களில் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். ஆனால் கிருமி இருப்பது வேறு, நோய் வேறு. காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இல்லாத ஒருவரின் சிறுநீரில் கிருமி வளர்ந்தது என்பதற்காகவே ஆன்டிபயாடிக் கொடுத்தால், கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அதனால் நன்மை இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளரும். எனவே கதீட்டரால் வந்த தொற்று எது என்பதற்குக் கறாரான வரையறை வேண்டியிருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்து, இந்தியக் கண்காணிப்பு வலையமைப்புகளும் பின்பற்றும் வரையறையின்படி, குழாய் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் உள்ளே இருந்திருக்க வேண்டும். தொற்று தெரிந்த நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ அது உடம்பில் இருந்திருக்க வேண்டும். காய்ச்சல் போன்ற அறிகுறி வேண்டும். சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 அல்லது அதற்கு மேல் கிருமி வளர வேண்டும். நிபந்தனைகளில் முதலிரண்டும் தேதியைக் கேட்கின்றன. போட்ட தேதி எழுதப்படாத குழாய்க்கு இந்த வரையறையைப் பொருத்தவே முடியாது. ஆய்வகம் எவ்வளவு திறமையாக இருந்தாலும் அந்தக் குறையை ஈடுகட்ட இயலாது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்துக்கு 1990-இல் ஒப்புதல் கிடைத்தது. ஐசிடி-10 என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதில் ஏறத்தாழ 14,000 குறியீடுகள் இருக்கின்றன. அதை வைத்து ஒரு நோயாளியின் கதையை எப்படி எழுதலாம் என்று ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். தோட்ட வேலைக்குப் போகும் அறுபது வயதுக்காரர் ஒருவருக்குப் புராஸ்டேட் வீக்கம்: என் 40. சிறுநீர் அடைப்பு: ஆர் 33. கதீட்டர் போடுவதும் மாற்றுவதும் எடுப்பதும் இசட் 46.6 என்ற எண்ணில் வரும். இரண்டு வாரம் கழித்துக் குளிர்காய்ச்சலோடு வருகிறார் என்றால், சிறுநீர்ப் பாதையில் வைத்த கருவியால் தொற்று என்பதைக் குறிக்கும் டி 83.5, சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று சொல்லும் என் 39.0, கிருமி ஈ-கோலை என்றால் பி 96.2, சிகிச்சையில் தவறு நேராமலேயே கதீட்டரின் விளைவாக வந்த கேடு என்பதற்கு ஒய் 84.6. குழாய் அடைத்துக்கொண்டாலோ கசிந்தாலோ இடம் மாறினாலோ டி 83.0. இவற்றை வரிசையாகப் படித்தால் எந்த மருத்துவமனையில் இருப்பவருக்கும், எந்த மொழி பேசுபவருக்கும், அந்த மனிதருக்கு நடந்தது என்ன என்று விளங்கிவிடும். மலையாளத்தில் எழுதிய சீட்டைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் படிக்க முடியாமல் தவிக்கும் எல்லைப்புறத்தில் இது சிறிய உதவி இல்லை.

நடைமுறையில் இத்தனை எண்களும் ஒரே எண்ணாகச் சுருங்கிவிடும். சீட்டில் ‘யூ.டி.ஐ.’ என்று மூன்றெழுத்து இருக்கும். குறியீடு போடுபவர் அதை என் 39.0 என்று பதிவார். சிறுநீர்ப் பாதைத் தொற்று, இடம் குறிப்பிடப்படாதது என்பது அதன் பொருள். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. தொற்றுக்குக் காரணம் குழாய்தான் என்று மருத்துவர் தம் கையால் எழுதாவிட்டால், குறியீடு போடுபவர் தாமாக ஊகித்து எழுதக் கூடாது என்பது இத்துறையின் அடிப்படை விதி. அந்த விதி நியாயமானதும்கூட. ஆக, சீட்டில் ஒரு சொல் விடுபட்டால் ஆவணத்திலிருந்து குழாயே மறைந்துபோகிறது.

ஒரே எண்ணுக்குள் இரண்டு கேடுகள்

குழாய் மறைவதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஏலமலைச் சரிவில் இதற்குத் திட்டவட்டமான விடை உண்டு. இங்கே என் 39.0 என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வெவ்வேறு கேடுகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று குழாயால் வருவது. மற்றது வேலையிடத்தால் வருவது. ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரை நீளும் காய் எடுப்பில் கூன் போட்டு உட்கார்ந்தும் நகர்ந்தும் நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒதுங்க மறைவிடம் இல்லாத தோட்டத்தில் அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள். இரண்டுமே தொற்றுக்கு இடம் கொடுக்கும் பழக்கங்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கழிப்பறை கட்டித் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அது ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து தொழிலாளர்களுக்கும் குறைவான தோட்டங்களைத் தானாகத் தொடவில்லை. ஏலத்தில் சிறு தோட்டங்கள் ஏராளம்.

இந்த இரண்டு கேடுகளுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு, வார்டில் கை கழுவுதல், கிருமி நீக்கிய முறையில் குழாய் செருகுதல், சிறுநீர் சேரும் பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுதல், தேவை முடிந்த அன்றே எடுத்தல் ஆகியவை வேண்டும். இரண்டாவதற்கு, தோட்டத்தில் கழிப்பறையும் குடிநீரும் இடைவேளையும் வேண்டும். முன்னதற்குப் பொறுப்பு மருத்துவமனை. பின்னதற்குப் பொறுப்பு தோட்ட உரிமையாளரும் தொழிலாளர் துறையும். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் எழுதினால் இரு தரப்புக்கும் தப்பிக்க வழி கிடைக்கிறது. மருத்துவமனை ‘மலையில் வேலை செய்கிற பெண்களுக்கு இது சகஜம்’ என்று சொல்லிவிடலாம். தோட்டத்துக்காரர் ‘ஆஸ்பத்திரியில் ட்யூப் போட்டதால் வந்தது’ என்று சொல்லிவிடலாம். குழாய் இருந்ததா இல்லையா என்ற ஒரு விவரம் பதிவாகியிருந்தால் இந்த இரண்டு சாக்குகளும் நிற்காது. நோய்க் குறியீட்டை நான் நீதியோடு தொடர்புடைய விஷயமாகக் கருதுவதற்கு இதுவே காரணம்: கேட்டைப் பிரித்துக் காட்டாத பதிவேடு, பொறுப்பையும் பிரித்துக் காட்டாது.

பிரித்து எழுதாததால் அளவும் தெரியாமல் போகிறது. கதீட்டர் தொற்றை ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். ஒரு வார்டில் தினமும் பத்துப் பேர் குழாயோடு இருந்தால் முப்பது நாளில் 300 கதீட்டர் நாட்கள். அதில் மூன்று பேருக்குத் தொற்று வந்தால் விகிதம் ஆயிரத்துக்குப் பத்து. இந்தியாவில் ஏழு நகரங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு 1.41 என்ற விகிதத்தைக் கண்டது. பிற்பாடு டெல்லி எய்ம்ஸ், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவை இணைந்து மருத்துவமனைத் தொற்றுக்கான கண்காணிப்பு வலையமைப்பை உருவாக்கின. தர அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனைகளும் இந்த விகிதத்தைக் கணக்கிட்டாக வேண்டும். இவை நல்ல முயற்சிகள். ஆனால் இவற்றின் வெளிச்சம் பெருநகரங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் விழுகிறது. தாலுகா மருத்துவமனையின் பொது வார்டிலும், அதைவிட அதிகமாக வீட்டுக் கட்டிலிலும் குழாயோடு இருப்பவர்களின் நாட்களை யாரும் கூட்டுவதில்லை. அங்கே வகுக்க வேண்டிய எண்ணே இல்லாததால் விகிதமும் இல்லை. விகிதம் இல்லாததால் பிரச்சினையே இல்லை என்ற தோற்றம் உண்டாகிறது.

பணத்தோடு கட்டினால் என்ன ஆகும்

இதற்குச் சுலபமான தீர்வாகச் சிலர் முன்வைப்பது பணம். எண் சரியாக எழுதினால் பணம், தொற்று வந்தால் பணம் பிடித்தம் என்று வைத்தால் மருத்துவமனைகள் தாமாகத் திருந்தும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்கா இதைச் செய்து பார்த்துவிட்டது. 2008 அக்டோபர் 1 முதல், மருத்துவமனையில் சேர்ந்த பின் வந்த கதீட்டர் தொற்றுக்காக அந்நாட்டு அரசின் மெடிகேர் காப்பீடு கூடுதல் தொகை தராது என்று விதி வந்தது. சேரும்போதே தொற்று இருந்ததா என்பதற்குத் தனிக் குறி வைக்கப்பட்டது. குறியீடுகளும் பெருகின: 70,000-ஐ ஒட்டிய எண்ணிக்கை கொண்ட அமெரிக்கப் பதிப்பில் இன்று சிறுநீர்த்துளை வழியே போகும் குழாயின் தொற்றுக்கு டி 83.511, அடிவயிற்றுக் குழாய்க்கு டி 83.510, சிறுநீரகக் குழாய்க்கு டி 83.512 என்று தனித்தனி எண்கள், அவற்றின் முடிவில் முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்று சொல்லும் எழுத்து வேறு.

விளைவு எதிர்பார்த்தபடி இல்லை. மிச்சிகன் மாநில மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, 2009-ஆம் ஆண்டில் 7,80,000-க்கும் மேற்பட்ட அனுமதிகளில் இந்த விதியால் தொகை குறைந்தது வெறும் 25 அனுமதிகளுக்கு என்று காட்டியது. தொற்று அவ்வளவு அரிதாகிவிடவில்லை; எழுதப்படுவதுதான் அரிதாக இருந்தது. அதே ஆய்வாளர்களின் முந்தைய பணி காரணத்தையும் சொல்லியிருந்தது: குழாய் பற்றிய விவரம் செவிலியரின் குறிப்புகளில் இருந்தது, மருத்துவரின் குறிப்பில் ‘சிறுநீர்த் தொற்று’ என்பது மட்டும் இருந்தது, குறியீடு போடுபவர் மருத்துவரின் குறிப்பை மட்டுமே ஆதாரமாகக் கொள்ள வேண்டியிருந்தது. எழுதினால் நட்டம் என்று ஆன பிறகு, எழுதாமல் விட்டதைத் தேடிப் பிடிக்க யாருக்கும் அக்கறை இருக்க முடியாது. நுணுக்கமான எண்ணும் பண அபராதமும் சேர்ந்தால் உண்மை வெளிவரும் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த மறுப்பு.

நம் நிலைமை இதற்கு மறுகோடியில் இருக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2018 செப்டம்பரில் வந்து அதனோடு இணைந்த பிரதமரின் ஜன் ஆரோக்கிய திட்டமும் சிகிச்சைக்குத் தொகுப்புத் தொகை கொடுக்கின்றன. அத்தொகையில் வீடு திரும்பிய பின் பதினைந்து நாள் வரையான செலவும் அடக்கம். ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய காப்பு, ஐயமில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாளுக்குள் கதீட்டர் தொற்று வந்தால் அதற்குத் தனிக் கோரிக்கை எழாது. ஆகவே தனியாக எழுத வேண்டிய கட்டாயமும் எழாது. அமெரிக்காவில் எழுதினால் நட்டம். இங்கே எழுதி ஆவதொன்றுமில்லை. இரண்டு ஏற்பாடுகளிலும் குழாய் காணாமல் போகிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு, குறியீட்டைப் பணத்திலிருந்து பிரித்து, பராமரிப்போடு கட்ட வேண்டும் என்பது. எழுதுபவருக்கு அபராதமும் கூடாது, வெகுமதியும் வேண்டாம். எழுதினால் அடுத்த வேலை எளிதாக வேண்டும், அவ்வளவுதான்.

இருப்பதை எழுதுதல்

அடுத்த வேலையை எளிதாக்கும் எண் எது? இங்கேதான் கேட்டின் எண்ணிலிருந்து இருப்பின் எண்ணுக்கு நம் கவனம் திரும்ப வேண்டும். வகைப்பாட்டில் நோயே இல்லாத நிலைகளுக்கும் எண்கள் உண்டு: உடம்பில் சிறுநீர்ப்பாதைக் கருவி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இசட் 96.0, அடிவயிற்றுத் திறப்பு இருக்கிறது என்பதற்கு இசட் 93.5. நோயில்லை என்பதாலேயே இவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் டிஜே ஸ்டென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் எடுக்க வேண்டிய அந்தச் சிறு குழாய் வெளியே தெரியாது. பலருக்கு வலியும் அடங்கிவிடும். மறந்துபோய் மாதங்களும் ஆண்டுகளும் கழித்து உப்புப் படிந்து கல்லாகிச் சிறுநீரகமே பழுதான நிலையில் வருபவர்களைப் பற்றி இந்தியச் சிறுநீரகவியல் இதழ்களில் தொடர்ந்து எழுதப்படுகிறது. அவர்களுக்கு டி 83.1 என்று கேட்டின் எண்ணை எழுதும்போது காலம் கடந்துவிடுகிறது. ஸ்டென்ட் வைத்த அன்றே இருப்பின் எண்ணும் எடுக்க வேண்டிய தேதியும் பதிவாகி, அந்தத் தேதியில் யாராவது கூப்பிட்டிருந்தால் கேடே நேர்ந்திருக்காது.

போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையத்துக்கு வரும் ஒவ்வொரு லாட் ஏலக்காய்க்கும் எண் உண்டு, எடை உண்டு, லிட்டர் எடை உண்டு, விற்றவரும் வாங்கியவரும் யாரென்று தெரியும். மலையில் விளைந்த காய்க்குக் கிடைக்கும் இந்த அக்கறை, அதைப் பறித்தவரின் உடம்பில் இருக்கும் குழாய்க்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. வேண்டியது ஐந்து விவரங்கள்: எதற்காகப் போட்டது, எந்தத் தேதியில், என்ன வகை எந்த அளவு, எப்போது மாற்றவோ எடுக்கவோ வேண்டும், எங்கே போட்டது. இவற்றோடு இருப்பின் எண். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் இது இருந்தால், பூப்பாறையில் போட்ட குழாயைப் போடியில் பார்ப்பவர் நோயாளியின் நினைவை நம்ப வேண்டியிராது.

எழுதுவதால் நோய் குறையுமா என்ற கேள்விக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகள் நான்கில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், தம் நோயாளிக்குக் கதீட்டர் இருப்பதையே அறியாதிருந்த மருத்துவர்கள் 28 சதவீதம். மூத்த மருத்துவர்களில் அது 38 சதவீதம். படிநிலையில் மேலே போகப் போக அறியாமை கூடியது. அறியப்படாத குழாய்கள் தேவையின்றி நீடித்தன. பிறகு, குழாய் இருக்கிறது என்று மருத்துவருக்கு நினைவூட்டும் சீட்டும், குறித்த நாளில் எடுத்துவிடும் ஏற்பாடும் செய்த மருத்துவமனைகளின் அனுபவத்தை 2010-இல் தொகுத்துப் பார்த்தபோது, தொற்று விகிதம் 52 சதவீதம் குறைந்திருந்தது. புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை. குழாய் இருப்பது கண்ணில் படும்படி எழுதப்பட்டதே அங்கே சிகிச்சையாக வேலை செய்தது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வேலைப்பளு. வெளிநோயாளர் பிரிவில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது எண் தேடிக்கொண்டிருக்க மருத்துவருக்கு நேரமில்லை என்பது உண்மை. அதனால்தான் அந்தப் பொறுப்பு மருத்துவர்மேல் மட்டும் விழக் கூடாது. குழாயைப் பெரும்பாலும் செருகுவதும் பையை அளந்து காலி செய்வதும் செவிலியர்கள். அவர்கள் எழுதும் குறிப்பு ஆதாரமாக ஏற்கப்பட வேண்டும்; கருவி இருப்பதைப் பதிவது நோயைத் தீர்மானிப்பது ஆகாது என்பதால் இதில் விதிமீறலும் இல்லை. எண் போடத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் அமெரிக்க நோயாளிகளின் ஆவணங்களைப் படித்து இதே டி 83.511-ஐத் தவறில்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யும் புதுவை ஜிப்மரும் மருத்துவப் பதிவேட்டுத் துறையில் பயிற்சி தருகின்றன. திறமை இங்கே இருக்கிறது. அதை நம் நோயாளிக்காகப் பயன்படுத்தும் ஏற்பாடுதான் இல்லை. மாவட்டத்துக்குச் சிலர் போதும்.

இரண்டாவது எதிர்வாதம் பழி. எழுதினால் மருத்துவமனைமேல் குற்றம் வரும், செவிலியர் தண்டிக்கப்படுவார் என்ற அச்சம். பணத்தோடு கட்டிய ஏற்பாட்டில் இந்த அச்சம் நியாயமானது என்பதை அமெரிக்க அனுபவம் காட்டியது. ஆனால் ஒய் 84.6 என்ற எண்ணே தவறு நேராமல் வந்த கேட்டுக்கென்று வைக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. கருவிகளால் வரும் கேடுகளைத் தெரிவிக்க 2015 ஜூலையில் காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் தொடங்கிய கருவிக் கண்காணிப்புத் திட்டமும் பழி சுமத்தாமல் தகவல் பெறும் அடிப்படையில் அமைந்தது. ஒரே தயாரிப்பின் பலூன்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் சுருங்காமல் சிக்கிக்கொள்கின்றன என்றால், அது தெரிய வருவது பழிக்கு அஞ்சாமல் எழுதிய பதிவுகளால் மட்டுமே. எழுதாதிருந்தால் குற்றமெல்லாம் குழாயைச் செருகிய கையின்மேல்தான் விழும்.

மூன்றாவது, வகைப்பாடே போதாது என்பது. ஐசிடி-10 கதீட்டரையும் ஸ்டென்ட்டையும் டி 83.5-இல் ஒன்றாகக் கொட்டுகிறது. அமெரிக்க நுணுக்கம் நமக்கில்லை. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தம் இந்தக் குறையை வேறு வழியில் தீர்க்கிறது. அதில் கேடு என்ன, எந்தக் கருவியால், எந்த விதத்தில் என்று மூன்று எண்களைக் கோத்து எழுதலாம். ஆனால் நம் சரிவில் இன்று விடுபடுவது நுணுக்கமான எண்ணில்லை. குழாய் என்ற சொல்லும் தேதியும். பத்தாம் திருத்தத்தின் முரட்டு எண்களோடும் அவற்றை எழுதிவிட முடியும். புதிய திருத்தம் வரட்டும் என்று காத்திருப்பது காரணமாகாது.

நான்காவது எதிர்வாதம் கனமானது: நீண்ட நாள் குழாயோடு வாழ்பவர்கள் மருத்துவமனையிலேயே இல்லை. தண்டுவடம் அடிபட்டவரும் பக்கவாதக்காரரும் புற்றுநோய் முற்றியவரும் வீட்டில் இருக்கிறார்கள். மருத்துவமனை எண்களால் அவர்களுக்கு என்ன பயன்? இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மருந்துகளோடு வலிநிவாரணப் பராமரிப்பையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. வீட்டில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும் செவிலியரின் கையேட்டில் அந்த ஐந்து விவரங்களுக்கு இடம் ஒதுக்கினால், இதுவரை யாரும் கூட்டாத கதீட்டர் நாட்கள் கூட்டப்படும். கர்ப்பிணிக்கு எண் கொடுத்துப் பேறுகாலம் தாண்டியும் குழந்தையைப் பின்தொடரும் பிக்மி பதிவு முறையை இதே மாநிலம் நடத்துகிறது. ஒருவரை எண்ணால் பின்தொடர்ந்து காப்பாற்றும் வழக்கம் நமக்குப் புதிதில்லை.

கடைசி எதிர்வாதம் அந்தரங்கம். சிறுநீர்க் குழாயோடு இருப்பதைப் பிறர் அறிவதில் கூச்சம் உண்டு. ஆபா என்னும் பதினான்கு இலக்கத் தேசிய உடல்நல அடையாள எண்ணில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் வேலை கொடுப்பவர் கையில் அது சிக்காதா என்று கேட்பது சரியான கேள்வி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு உடம்பு முடியாதவர் என்ற பெயர் வந்தால் ஜீப்பில் இடம் கிடைக்காது. ஆகவே பதிவு நோயாளியின் ஒப்புதலோடு, சிகிச்சை தருபவர் மட்டும் பார்க்கும்படி இருக்க வேண்டும். மின்பதிவு எட்டாதவர்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட ஓர் அட்டை போதும். அது அவர் பையில் இருக்கும், அவர் விரும்பியவருக்கே காட்டுவார். அந்தரங்கத்தைக் காக்கும் வழிகள் உண்டு. எழுதாமலே விடுவது அந்த வழிகளில் ஒன்றாகாது.

மரணத்தின் ஆவணத்திலும்

எழுதாமையின் நீளத்தை மரணச் சான்றில் பார்க்கலாம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் மருத்துவமனை நிரப்பும் படிவம் 4-இல் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அடிப்படைக் காரணம் என்று வரிகள் உண்டு. கதீட்டர் தொற்று ரத்தத்தில் பரவி இறந்தவருக்கு முதல் வரியில் ‘செப்சிஸ்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினால், அடுத்த வரிகளில் இருந்திருக்க வேண்டிய குழாயும் அதற்குக் காரணமான அடைப்பும் போய்விடுகின்றன. இந்தியாவில் 2020-இல் பதிவான மரணங்களில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 சதவீதம் மட்டுமே. அந்தச் சிறு பங்கிலும் காரணச் சங்கிலி அறுந்தே இருந்தால், எத்தனை மரணங்களுக்கு ஐந்து மில்லிமீட்டர் குழாய் வழி திறந்தது என்பதை எந்த ஆய்வாளராலும் பின்னாளில் மீட்டெடுக்க முடியாது.

எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் இருப்பும் தேதியும், செவிலியரின் கையால். பிறகு கேடு நேர்ந்தால் அதன் காரணத்தோடு சேர்த்த எண்கள், மருத்துவரின் கையால். இவை இரண்டும் காப்பீட்டுத் தொகையிலிருந்து விலகி நிற்க வேண்டும். எல்லை கடந்து போகும் தொழிலாளியோடு அவையும் போக வேண்டும். தேனி, இடுக்கி மாவட்டங்களின் சுகாதாரத் துறைகள் ஒரு பொது அட்டையையும் ஐந்து விவரங்களையும் ஏற்றுக்கொள்ளப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அப்படி ஓராண்டு எழுதினால், மலைச்சரிவுப் பெண்களின் தொற்றில் எவ்வளவு கழிப்பறை இல்லாததால் வந்தது, எவ்வளவு குழாயால் வந்தது என்று முதல் முறையாகப் பிரித்துச் சொல்ல முடியும். அதன் பிறகு தோட்ட உரிமையாளரிடம் கேட்க வேண்டியதை அவரிடமும், மருத்துவமனையிடம் கேட்க வேண்டியதை மருத்துவமனையிடமும் ஆதாரத்தோடு கேட்கலாம். நோய்க் குறியீட்டிலிருந்து தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டிய பலன் அதுவே.